வெளியாள் உள்ளே வந்த கதை

என் மனைவி காவல் காக்கும் பள்ளிக்கூடத்துக்குள் அத்துமீறி நுழைவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு முடிவு செய்தேன். எனக்கு அது விடிகாலை. இவ்வளவு பெரிய முடிவை அவ்வளவு சீக்கிரத்தில் எடுத்திருக்கக் கூடாது.

காவல் காக்கிறாள் என்றால் தடி வைத்துக்கொண்டு இல்லை. அடுத்த தெருவில் ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. அதன் வாசலை ஒட்டிக் கண்ணாடி போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு தடிமனான நோட்டு, ஒரு கேமரா. வருகிறவர் யார், யாரைப் பார்க்க வந்தார், எதற்கு வந்தார், சொல்வது நிஜம்தானா என்று விசாரித்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. காலை பத்திலிருந்து மதியம் ஒரு மணி வரை. இரண்டு வருஷமாகப் பார்க்கிறாள்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். மதிய ஷிப்ட். ஆகவே என் காலைகள் எனக்கே சொந்தம். ஒன்பது மணிக்குக் கண் விழிப்பேன். விழித்ததை யாருக்கும் சொல்லாமல் இன்னும் அரை மணி நேரம் படுத்திருப்பேன். அதற்குள் தண்ணீர் மோட்டார் ஓடி, பால் காய்ந்து, மகள் டப்பாவோடு கல்லூரி பஸ் ஏறி, வீடு துடைத்து முடிந்திருக்கும். இதெல்லாம் தானாக நடக்கிறது என்று நான் நினைத்ததில்லை. அவள் செய்கிறாள் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் தூங்கினேன்.

அன்றைக்குக் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அவள் நின்றால் ஏதோ இருக்கிறது.

"என்னங்க, ஒரு விஷயம்."

"சொல்லு."

"ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கூப்பிட்டுப் பேசினாங்க. காலைல ஆறரைல இருந்து வாசல்ல ஆள் வேணுமாம். பிள்ளைங்க வர்ற நேரம், ஒரே கூட்டம். யார் அப்பா, யார் மாமா, யார் சும்மா வந்தவன்னு பாக்க ஆளே இல்லயாம்."

"நியாயந்தானே."

"அடுத்த மாசத்துல இருந்து என்னையே வரச் சொல்றாங்க. ஆறரைல இருந்து ஒரு மணி வரைக்கும்."

காப்பி திடீரென்று சூடாக இருந்தது.

"அப்ப இங்க காலைல?"

"இங்கதான் நீங்க இருக்கீங்களே."

"நான் தூங்கிட்டு இருப்பேன்."

"இருக்கீங்கல்ல, அது போதும். எழுப்பிட்டுப் போயிடறேன்."

மனசுக்குள் ஒரு பட்டியல் ஓடியது. அஞ்சரைக்கு அலாரம். மோட்டார். பால். மகளுக்கு டப்பா. என் காலைகள் வரிசையாகக் கையசைத்துவிட்டுக் கிளம்பிப் போவதைப் பார்த்தேன். அந்த வேலை வேண்டாம் என்று சொன்னால் சண்டை வரும். அந்த வேலையே வீண் வேலை என்று காட்டிவிட்டால்? நான் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். அவள் ஏற்பாட்டில் ஒரு பிழை கிடைக்காதா?

"ஏம்மா, அந்த மேசைல உக்காந்து அப்படி என்ன பண்ற? வர்றவன் பேரை நோட்டுல எழுதிக்கற. எவன் வேணா எந்தப் பேரை வேணா எழுதிட்டு உள்ள போயிடலாம்."

"போக முடியாது."

"நான் போய்க் காட்டட்டா?"

"அப்பா, வேணாம்ப்பா," என்றாள் மகள். இருபது வயசுதான் ஆகிறது. அதற்குள் வீட்டு நிலவரம் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

"இரு. ஒரு மாசத்துக்குள்ள நான் உங்கம்மா மேசையத் தாண்டி, வகுப்பறை வராந்தால போய் நிக்கறேன். நின்னுட்டா?"

"நின்னுட்டீங்கன்னா அந்தக் காலை வேலையே எனக்கு வேணாம்னு நானே மேடம்கிட்ட சொல்லிடறேன்," என்றாள் மனைவி.

"நிச்சயமா?"

"நிச்சயமா. நிக்கலன்னா?"

"நிக்கலன்னா அஞ்சரைக்கு எழுந்திருக்கறேன். கேள்வியே கிடையாது."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பயத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அவள் சிரிப்பை நான் இப்படித்தான் ஏதாவதாக எடுத்துக்கொண்டு வருகிறேன்.

முதல் முயற்சி மறுநாளே. காலையில் அவள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து ஒளித்து வைத்தேன். பதினொரு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கண்ணாடி இல்லாதவள் கண்ணாடியைக் கண்டதும் கதவைத் திறந்துவிடுவாள் என்பது கணக்கு. வாசலில் இருந்த காவலாளி எனக்குத் தெரிந்தவர். பேப்பர் கடையில் தினம் பார்க்கிற முகம். "வாங்க சார், சௌக்கியமா?" என்று எழுந்து நின்றார். எழுந்து நின்று, கேட்டை மறைத்துக்கொண்டார். "அம்மா மேசைக்குப் போயிட்டு வாங்க சார்."

என் மனைவி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாள். மூக்கில் வேறொரு மூக்குக்கண்ணாடி. பழையது. அது இன்னும் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

"வணக்கம். யாரைப் பாக்கணும்?"

"உன்னத்தான்."

"என்ன விஷயமா?"

"கண்ணாடிய விட்டுட்டு வந்துட்ட."

"பேர் சொல்லுங்க."

"என் பேர் உனக்குத் தெரியாதா?"

"அடையாள அட்டைல இருக்கற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"பாக்க வந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

"புருஷன்."

"அடையாள அட்டை?"

"வீட்ல இருக்கு. பீரோவுல, ரெண்டாவது தட்டுல."

"எங்க இருக்குன்னு தெரியுதுல்ல. போய் எடுத்துட்டு வந்துடுங்க."

"பீரோ சாவி உன்கிட்ட இருக்கே!"

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். தடுப்புக்குக் கீழே இருந்த சந்து வழியாகத் தள்ளினாள். பின்னால் நின்ற ஒரு தகப்பனார், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா சார், என் பொண்ணுக்குக் காய்ச்சல், கூட்டிட்டுப் போகணும்," என்றார். அவரிடம் அட்டை இருந்தது. அவர் முகத்தையும் அட்டையையும் பார்த்து, வகுப்புக்குப் போன் செய்து கேட்டு, இரண்டே நிமிஷத்தில் அவரை அனுப்பினாள். நான் வெயிலில் வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்து, அட்டையோடு திரும்பி ஓடி வந்தேன்.

"சரியா இருக்கு," என்றாள் அட்டையைப் பார்த்து. "ஆனா நீங்க பாக்க வந்தவங்க இங்கதான இருக்காங்க. உள்ள போக வேண்டியதில்ல. பொருளை இங்க வெச்சுட்டுப் போகலாம்."

வைத்தேன். ரசீது கொடுத்தாள்.

இரண்டாவது முயற்சி புதன்கிழமை. நேரில் போனால்தானே முகம் தெரியும்? போன் செய்தேன். வாயில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினைப் பார்க்க வருவதாகச் சொன்னேன்.

"எந்தக் கம்பெனி சார்?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. "பெரிய கம்பெனிங்க," என்றேன்.

"பெரிய கம்பெனி," என்று சொல்லிக்கொண்டே எழுதுகிற சத்தம் கேட்டது. "சர்வீசுக்கு வர்றவங்க நம்பர் எல்லாம் எங்ககிட்ட இருக்கு சார். அந்த நம்பருக்கு நாங்களே கூப்பிட்டு, ஆள் அனுப்பறாங்களான்னு கேட்டுக்குவோம். அதுக்கப்புறம்தான் உள்ள விடுவோம்."

"அதெல்லாம் எதுக்குங்க? நானே நேர்ல வந்துடறேனே."

"வாங்க சார். வர்றதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்திட்டு வாங்க. தொட்டி வழியற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

மாடிக்கு ஓடினேன். அரை மணி நேரமாக வழிந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஈர வேட்டியோடு அந்த மாடியில் நின்றபோது எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. நிஜமான பெருமை. எங்கள் மகள் சின்ன வயசில் படித்த பள்ளியில் இப்படி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எத்தனையோ நாள் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு ஒன்பது மணிவரை தூங்க முடியாது. போராட்டம் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவளாகவே பெருமூச்சு விட்டாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க. எங்க ஏற்பாட்டுல ஒரே ஒரு ஓட்டை இருக்கு. நெனச்சா கவலையா இருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லாத."

"வாலண்டியருங்கதான். காலைல வாசல்ல நின்னு பிள்ளைங்கள உள்ள அனுப்பறதுக்கு ஊர்க்காரங்களயே எடுப்பாங்க. அவங்களுக்குப் பச்சை அட்டை. பச்சை அட்டை இருந்தா என் மேசைப் பக்கமே வர வேண்டியதில்ல. அவங்க பாட்டுக்கு நேரா உள்ள போகலாம், எந்த நேரமும். விண்ணப்பமெல்லாம் மேடம்கிட்ட போகும். யார் வர்றாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"ஓ," என்றேன், அக்கறையே இல்லாதவன் போல. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். மகள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "எனக்குப் போதும்," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பாவம் என் மனைவி. எதிரியிடம் எதை மறைப்பது என்று தெரியாத வெகுளி. எனக்கே அவள்மேல் இரக்கம் வந்தது.

மறுநாள் விண்ணப்பம் வாங்கினேன். புகைப்படம், அடையாள அட்டையின் நகல், போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை, நேர்முகம், ஒரு வாரப் பயிற்சி. பொய்க் காகிதம் கொடுத்து உள்ளே போகிறவன் ஒருநாள் மாட்டிக்கொள்வான். நான் எல்லாவற்றையும் உண்மையாகவே கொடுப்பது என்று தீர்மானித்தேன். யாருமே எதிர்பார்க்காத தந்திரம் அது. கொடுக்கிற காகிதம் முழுக்க உண்மையாக இருந்தால் யாரால் கண்டுபிடிக்க முடியும்?

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் கேட்டார். "எதுக்கு சார் சான்றிதழ்?"

"பள்ளிக்கூடத்துக்குள்ள போறதுக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரைப் பாக்க?"

"யாரையும் பாக்க வேணாம். என் சம்சாரம் அங்கதான் வாசல்ல வேலை பாக்குது."

"அப்ப அவங்களே உள்ள விடலாமே?"

"விட மாட்டேங்குதுங்க."

அவர் எழுந்து வந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். தண்ணி குடிக்கறீங்களா? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

அரை மணி நேரம் ஆறுதல் சொன்னார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. என்மேல் எந்த வழக்கும் இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

பரிந்துரைக்கு அச்சகத்து ஃபோர்மேனையும் மாடி வீட்டு சாரையும் எழுதியிருந்தேன். தலைமையாசிரியை இரண்டு பேருக்குமே போன் செய்து விசாரித்தாராம். மாடி வீட்டு சார் என்னைப் படிக்கட்டில் பிடித்தார்.

"உங்களப் பத்தி நல்லபடியா சொல்லிட்டேன். எந்த வம்புக்கும் போக மாட்டார்னு சொன்னேன்."

"ரொம்ப நன்றி சார்."

"ஒன்பது மணி வரைக்கும் வேற எங்கயுமே போக மாட்டார்னும் சொன்னேன்."

நேர்முகம் காலை ஆறரைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நானே கேட்டேன். பத்து மணிக்கு மேல் போனால் மனைவி மேசையில் இருப்பாளே! ஆறரைக்குப் போக வேண்டும் என்றால் அஞ்சரைக்கு எழுந்திருக்க வேண்டும். ரகசியத்துக்காக எழுந்தேன். இருட்டில் சட்டையைத் தேடும்போது அவள் விழித்துக்கொண்டாள்.

"எங்கங்க?"

"வாக்கிங். டாக்டர் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

"பொதுவா எல்லா டாக்டருமே சொல்றாங்க."

"நல்லதுங்க. எழுந்ததுதான் எழுந்தீங்க, மோட்டாரைப் போட்டுட்டுப் போங்க."

போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வரும். வாக்கிங் என்று சொல்லிவிட்டதால் தினமும் அதே நேரத்துக்கு எழுந்து நடக்கவும் வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் பால். "எப்படியும் அந்தப் பக்கம்தான நடக்கறீங்க, பால் வாங்கிட்டு வந்து அடுப்புல வெச்சுடுங்க." அடுத்த வாரம் மகளுடைய டப்பா. ரொட்டி, முட்டை, அவ்வளவுதான். முதல் நாள் கொஞ்சம் கருகியது. மகள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவது வாரத்தில் நான் கிளம்பும்போது என் மனைவி எழுந்திருப்பதே இல்லை. ரகசியம் அவ்வளவு பத்திரமாக இருந்தது.

நேர்முகத்தில் தலைமையாசிரியை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். ஒல்லியான, அமைதியான அம்மாள். "பிள்ளைங்க உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். "தினமும் காலைல எழுந்திருக்கறது கஷ்டமா இருக்குமா?" என்றார். இந்தத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு நான் சொன்ன ஒரே பொய் அப்போது வெளியே வந்தது. "எனக்கு அதுதான் மேடம் பிடிச்ச நேரமே," என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு ஓர் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்தார். நான்கு பக்கம். "நிதானமா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

என் தொழிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிழை திருத்துகிறவன் அர்த்தத்தைப் படிக்கக் கூடாது. அர்த்தத்தில் மனசு போனால் பிழை கண்ணில் படாது. முப்பது வருஷத்தில் நூற்றுக்கணக்கான கதைப் புத்தகங்களை எழுத்து விடாமல் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. படிவத்தை வாங்கியதும் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு முறை வந்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி திறந்திருந்தது, கடைசிவரை மூடவே இல்லை. மூன்றுக்கு அடுத்த பக்கத்துக்கு ஐந்து என்று எண் போட்டிருந்தது. மூன்றையும் சுழித்து நீட்டினேன்.

"அடடா! உங்க கண்ணே கண்ணு சார்," என்றார் தலைமையாசிரியை. மறுநாள் திருத்திய படிவம் வந்தது. மூன்று பிழையும் சரியாகியிருந்தன. எனக்கு முழுத் திருப்தி. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் பயிற்சி. தெரியாத ஆள் வந்தால் குரலை உயர்த்தக் கூடாது, 'நான் ஏதாவது உதவி செய்யட்டுமா' என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே வழியை மறைத்து நிற்க வேண்டும். ஒருவருக்காகக் கதவைத் திறந்தால் உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் கூடவே நுழைந்துவிடுவார். பிள்ளையை அழைத்துப் போக வந்தவர் எவ்வளவு நல்ல சட்டை போட்டிருந்தாலும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் அந்தக் காவலாளிதான். அவரையே ஒருநாள் அட்டை இல்லை என்று கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். "உங்களுக்கு இது ரத்தத்துல இருக்கு சார்," என்றார். சின்னப் பிள்ளைகள் மூட்டை மாதிரி பையைச் சுமந்துகொண்டு "குட்மார்னிங் சார்" என்று ஒவ்வொன்றாக உள்ளே போனபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை.

பச்சை அட்டை வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பந்தயத்தில் இன்னும் சில நாள்தான் பாக்கி. பத்தரை மணிக்கு, சலவைச் சட்டையோடு, கழுத்தில் பச்சை அட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காவலாளி கேட்டைத் திறந்தார். திறந்து, விறைப்பாக நின்றார். கண்ணாடி அறைக்கு முன்னால் நடையைக் குறைத்தேன். என் மனைவி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்னம்மா, அடையாள அட்டை ஏதாவது பாக்கணுமா?"

நிமிர்ந்தாள். அட்டையைப் பார்த்தாள். "வேணாங்க," என்றாள் மெதுவாக. "நீங்க போகலாம்."

போனேன். முற்றத்தைத் தாண்டி, இரண்டு படி ஏறி, மூன்றாம் வகுப்புக்கு எதிரில் வராந்தாவின் நட்ட நடுவில் நின்றேன். "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினேன். வகுப்பிலிருந்து ஓர் ஆசிரியை எட்டிப் பார்த்து, "சார், பரீட்சை நடக்குது," என்றார். "ஜெயிச்சுட்டேன்," என்றேன் தாழ்ந்த குரலில்.

என் மனைவி காவலாளியை மேசையில் உட்கார வைத்துவிட்டு வந்தாள். கூடவே தலைமையாசிரியையும் வந்தார்.

"ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேங்க. ஜெயிச்சுட்டீங்க." இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். அவள் தலைமையாசிரியைப் பக்கம் திரும்பினாள். "மேடம், பந்தயத்துல தோத்துட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். அந்தக் காலை வேலை எனக்கு வேணாம்."

"பரவாயில்லம்மா," என்றார் தலைமையாசிரியை. "அதுக்குத்தான் சார் வந்துட்டாரே."

"எதுக்கு?" என்றேன்.

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், காலை ஆறரைல இருந்து எட்டரை. வருஷம் முழுக்க. உறுதிமொழில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

"எந்தப் பக்கத்துல?"

"நாலு பக்கத்துலயும்."

கையிலிருந்த கோப்பைத் திறந்து காட்டினார். இருந்தது. மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், நான் மூடச் சொன்ன அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருந்தது.

"நான் இதை எழுத்து விடாம பாத்தேனே!"

"பாத்தீங்க சார். தப்பைக்கூடக் கண்டுபிடிச்சீங்க. அது எப்படி வந்ததுன்னுதான் எனக்குப் புரியல. இவங்கதான் டைப் பண்ணாங்க. சாதாரணமா ஒரு புள்ளி தப்பாது."

மனைவியைப் பார்த்தேன். அவள் வராந்தாவின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தப்பு போதுமான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது," என்றாள் கூரையிடம்.

"அப்ப நீ... காலை வேலை வேணும்னு..."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடணும்னு எனக்கென்னங்க வேண்டுதலா? மேடம் ஆறு மாசமாக் கேட்டுட்டு இருக்காங்க. நம்பிக்கையா வேற ஒரு ஆளைக் குடு, உன்ன விட்டுடறேன்னாங்க. நேராக் கேட்டா நீங்க வருவீங்களா?"

"நீங்க இவங்க வீட்டுக்காரர்ங்கறதால விசாரணைல இவங்கள சேத்துக்கவே இல்ல சார்," என்றார் தலைமையாசிரியை, எனக்கு ஆறுதலாக. "போலீஸ், பரிந்துரை, எல்லாம் நானே பாத்தேன். எங்ககிட்ட வந்த விண்ணப்பத்துலயே உங்களுதுதான் முதல் தரம்."

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது. "மேடம், நான் சேவை செய்ய வரல. பந்தயத்துக்காக உள்ள நுழையணும்னுதான்..."

அந்த அம்மாளின் முகம் மாறியது. கோப்பின் அடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். "வேற நோக்கத்தோட வந்ததா சொல்றீங்களா சார்? யோசிச்சுச் சொல்லுங்க. அப்படின்னா இதுல எழுதணும். போட்டோவை வாசல்ல ஒட்டணும். 'இவரை உள்ளே விடாதீர்கள்'னு. யாரா இருந்தாலும் விதி விதிதான்."

வாசலுக்கு எதிரில்தான் பேப்பர் கடை. மாடி வீட்டு சார், ஃபோர்மேன், அந்த எழுத்தர், எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். என் போட்டோ வேறு ஏற்கனவே பள்ளிக்கூடத்தில் இருந்தது, மூன்று பிரதி.

"இல்ல மேடம்," என்றேன். "சேவை செய்யத்தான் வந்தேன்."

திங்கட்கிழமை அஞ்சரைக்கு அலாரம் அடித்தது. கண்ணைத் திறக்காமல் எழுந்தேன். மோட்டாரைப் போட்டேன். பால் வாங்கி வந்து அடுப்பில் வைத்தேன். முட்டையை வேகவைத்து, டப்பாவை மூடிய பிறகுதான் நினைவு வந்தது. பந்தயப்படி என் மனைவி காலை வேலைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். இதையெல்லாம் நான் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இருட்டில் போர்வையைப் பார்த்தேன். அது சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பச்சை அட்டையை மாட்டிக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தேன்.

"என்னங்க," என்றது போர்வை.

நின்றேன். எவ்வளவு ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்துப் பெண்டாட்டி. ஒரு நல்ல வார்த்தை சொல்லாமலா இருப்பாள்?

"என்னம்மா?"

"போறப்ப கதவை நல்லா சாத்திட்டுப் போங்க. தெரியாதவங்க யாராவது உள்ள வந்து என்னை எழுப்பிடப் போறாங்க."